முட்டிக்கு மேலே

கொடைக்கானல் ஏரிக்கரையில் முப்பத்தொரு வருஷமாக அவித்த சோளமும் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயும் விற்கிற கித்தேரியம்மாள், அந்த ஏரியில் ஒரு தடவைகூடப் படகேறியதில்லை. எங்கிருந்தெல்லாமோ யார் யாரோ வந்து, பெடலை மிதித்து, கூச்சல் போட்டு, ஒரு சுற்று சுற்றி இறங்கி, பசியோடு அவளிடம் சோளம் வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். நடு ஏரியில் வழி தெரியாமல் வட்டமடிக்கிற புதுமாப்பிள்ளைகளைக் கண்டால் அவளுக்குக் கை கால் பரபரக்கும். "ரெண்டு பேரும் சேந்து மிதிக்கணும்யா! ஆளுக்கொரு பக்கம் இழுத்தா படகு எங்கிட்டுப் போகும்?" என்று கரையில் நின்றே பாடம் நடத்துவாள்.

அதனால்தான் இந்த வருஷக் கோடை விழாவில் ஏரிக்கரைக் கடைப் பெண்களுக்கென்று பெடல் படகுப் போட்டி உண்டு, இரண்டிரண்டு பேராகச் சேரலாம் என்று வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் சொன்னதும், அவள் சோளச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். ஓடினாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். விந்தி விந்திப் போனாள். அவளுடைய வலது முட்டி இரண்டு வருஷமாக அவள் பேச்சைக் கேட்பதில்லை.

ஐம்பத்தெட்டு வயது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை குளிரில் நின்றே வியாபாரம். உட்கார்ந்து எழுந்தால் முட்டிக்குள் சரளைக்கல் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். அவள் புருஷன் ஆக்னல் ஏரியைச் சுற்றிக் குதிரை ஓட்டுகிறவர். ராணி என்ற ஒற்றைக் குதிரைதான் அவருடைய சொத்து, தொழில், செல்லம் எல்லாம். ராணியின் காலுக்குத் தேய்க்கிற பழுப்பு எண்ணெயை ஒருநாள் அவர் ஆசையாகக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தார். "நான் என்ன குதிரையா?" என்று இவள் கேட்ட கேள்வியில் மனுஷன் முகம் சுருங்கிப் போனார். அதன்பிறகு முட்டி பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது.

ஏப்ரல் முதல் வாரம் வில்பட்டி போகிற வழியில் சமுதாயக் கூடத்தில் மூட்டுவலி முகாம் போட்டார்கள். ஏரிக்கரைப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா தாரணிக்கு மூச்சு விட நேரமில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூட்டுத் தேய்மானம்மா. ஆபரேஷன் வரைக்கும் போகல. ஆனா நீங்க பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்க, வயித்துப் புண்ணும் வந்திருக்கு. அதனால வலி மாத்திரை அடிக்கடி போடக் கூடாது. வெளியில தடவுற ஜெல் தர்றேன். ஒரு வேளைக்கு ஒரு விரல் நீளம், நாலு வேளை. முட்டிக்கு மேல நல்லா தடவுங்க. முட்டிக்கு மேல மட்டும், வேற எங்கயும் வேண்டாம். தடவின இடத்துல ஒத்தடம் கூடாது, துணி சுத்திக் கட்டக் கூடாது. கைய சோப்புப் போட்டுக் கழுவிடணும்."

"அதுக்கு மேல கொஞ்சம் தைலமும் தேச்சுக்கிறலாங்களா?"

"வேண்டாம்மா. ரெண்டும் சேத்துப் போடாதீங்க. அப்புறம், நாற்காலில உக்காந்து காலை நேரா நீட்டி, பத்து எண்ணிட்டு இறக்கணும். தினமும் செய்யணும்."

தைலம் மணக்காத வீடே இல்லாத ஊரில் இது பெரிய கட்டளை. ஆனால் கித்தேரியம்மாள் சொன்ன சொல்லை எழுத்து பிசகாமல் செய்கிறவள். தைலப் புட்டியை அலமாரி உச்சிக்கு ஏற்றினாள். காலை நீட்டிப் பத்து எண்ணச் சொன்னதற்கு, ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடிக்கும்வரை நீட்டியே வைத்திருந்தாள். மாதாவுக்கும் ஆயிற்று, முட்டிக்கும் ஆயிற்று. நாலு வேளையும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஒரு விரல் நீளத்துக்கு ஜெல்லைப் பிதுக்கி, முட்டிக்கு மேலே தொடையில் நன்றாகத் தடவினாள். கீழே முட்டிப் பக்கம் ஒரு சொட்டு வழிந்தால்கூடத் துடைத்துவிடுவாள். டாக்டரம்மா "மேல மட்டும்" என்று சொல்லியிருக்கிறார் அல்லவா?

அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் பிறந்தது வில்பட்டி. மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் காரட்டும் பீன்ஸும் போட்ட குடும்பம். மேல் வயலில் மடையைத் திறந்தால் தண்ணீர் தானாகக் கீழ் வயலுக்கு இறங்கும். கீழ் வயலில் நின்றுகொண்டு எவனாவது தண்ணீர் பாய்ச்சுவானா? மருந்தும் அப்படித்தான், தொடையில் போட்டால் முட்டிக்கு இறங்கும் என்று அவளே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். படித்த டாக்டர் படித்த டாக்டர்தான் என்று மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

ஐந்து வாரம் ஓடிற்று. தொடை வழவழவென்று ஆனது. முட்டி மட்டும் பழைய முட்டியாகவே இருந்தது.

பக்கத்தில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கிற புவனாவுக்கும் அதே கதை. பழனியிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். மரநிழல் யார் கடைக்கு என்பதில் பன்னிரண்டு வருஷமாக இருவருக்கும் சண்டை. போட்டியில் தங்கச்சியோடு அவளும் பெயர் கொடுத்திருந்தாள். கோப்பை தன் பஜ்ஜிக் கடையில்தான் உட்காரும் என்று வருகிற போகிற ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டைக்கு நடுவிலும் நோவைப் பேசிக்கொள்ளத் தடையில்லையே.

"என்ன மருந்தோ போ. அந்தம்மா சொன்ன மாதிரி முட்டிக்கு மேல தடவித் தடவித் தொடைதான் பளபளன்னு கெடக்கு. வலி இம்புட்டும் கொறையல" என்றாள் புவனா.

"எனக்கும் அப்புடித்தான்" என்றாள் கித்தேரியம்மாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

போட்டிக்குப் பதினாறு நாள் இருந்தபோது ஜென்சி குண்டைத் தூக்கிப் போட்டாள். ஜென்சிதான் படகில் இவளுக்கு ஜோடி. தொப்பிக் கடைக்காரி, நாற்பது வயது, முழங்கால் இரண்டும் இரும்பு.

"அக்கா, கோவிச்சுக்கிராதீங்க. போட்டிக்கு முந்துன ஞாயித்துக்கெழமை பூசைக்கு மாதா கோயில் படிய நிக்காம ஏறிக் காட்டுங்க. இல்லைனா பெரும்பாறைல இருந்து என் நாத்தனாரக் கூப்புட்டுக்கிருவேன். எனக்கும் ஜெயிக்கணும்னு ஆசை இருக்காதா?"

கித்தேரியம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜென்சி மேல் தப்பில்லை, அது வேறு எரிச்சல். முப்பத்தொரு வருஷம் கரையில் நின்று பார்த்த ஏரி. இந்த ஒரு தடவை விட்டால் இந்த முட்டி அடுத்த தடவை தருமா? கடையை மத்தியானமே கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்த கோபத்தில் கதவைத் தாழ் போட மறந்து, கட்டிலில் உட்கார்ந்து, சேலையை ஏற்றிவிட்டு, மருந்தைத் தொடையில் பரபரவென்று தேய்த்தாள்.

ராணிக்குக் கொள்ளு எடுக்க உள்ளே வந்த ஆக்னல் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன செய்யுற?"

"பாத்தாத் தெரியல? மருந்து போடுறேன்."

"எதுக்கு?"

"முட்டிக்குத்தான்."

"அது தொடையில்ல?"

"டாக்டரம்மா முட்டிக்கு மேலன்னு சொன்னாங்க. மேலன்னா மேலதான?"

அவர் கொள்ளுப் படியைக் கையில் வைத்துக்கொண்டே கிட்டே வந்தார். "ஏன் கித்தேரி, மேசைக்கு மேல டம்ளர வையின்னு சொன்னா நீ எங்க வைப்ப?"

"மேசை மேல."

"மேசைக்கு ஒரு சாண் மேல, அந்தரத்துலயா வைப்ப?"

கித்தேரியம்மாள் குனிந்தாள். தொடையைப் பார்த்தாள். முட்டியைப் பார்த்தாள். ஐந்து வாரம். ஒரு நாளைக்கு நாலு வேளை. கண்முன்னால் வில்பட்டி வயல் வரப்பெல்லாம் உடைந்து தண்ணீர் கண்ட இடத்தில் ஓடியது.

"ராணிக்கு முட்டி வீங்குனா முட்டியிலதான் தடவுறேன். அதுக்குத் தெரிஞ்சது..." என்று ஆரம்பித்த ஆக்னலுக்கு மேலே பேச முடியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொள்ளு தரையெல்லாம் சிதறியது. இவளுக்கு முதலில் ஆத்திரம், பிறகு வெட்கம், அதன்பிறகு இவளாலும் அடக்க முடியவில்லை. இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "பாவம் தொடை, ஒரு நோவும் இல்லாம அஞ்சு வாரம் வைத்தியம் பாத்துக்கிருச்சு" என்றார் அவர். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் முட்டி பற்றிய பேச்சு திரும்பி வந்தது.

என்ன இருந்தாலும் எழுத்து பிசகக் கூடாதே. முகாமில் கொடுத்த சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு டாக்டரம்மாவிடமே கேட்டாள்.

"என் தப்புமா. தொட்டுக் காட்டிச் சொல்லியிருக்கணும். முட்டியிலேயே போடுங்க, முன்னாடியும் ரெண்டு பக்கமும். ரெண்டு வாரத்துல வலி குறையும். தேய்மானம் போகாது, அத எதிர்பார்க்காதீங்க. கால் நீட்டுற பயிற்சி செஞ்சீங்களா?"

"ஒரு நாள் விடலங்கம்மா."

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது. தொடைச் சதை பலமாயிருக்கும், அதுதான் முட்டியத் தாங்கும். அப்புறம்மா, வேற யாராவது உங்கள மாதிரி தப்பாப் போட்டுட்டு இருந்தா கட்டாயம் சொல்லிடுங்க."

"சரிங்கம்மா" என்றாள் கித்தேரியம்மாள். சொல்லும்போதே புவனாவின் முகம் மனசில் வந்து நின்றது. போனை வைத்துவிட்டு அந்த முகத்தைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

முதல் மூன்று நாள் முட்டியில் குளுகுளுவென்று இருந்ததோடு சரி. ஐந்தாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்து அடுப்படி வரை போன பிறகுதான், சுவரைப் பிடிக்காமல் வந்திருக்கிறோம் என்று உறைத்தது. திரும்பப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து இன்னொரு தடவை எழுந்து பார்த்தாள். அப்போதும் சுவரைப் பிடிக்கவில்லை! எட்டாம் நாள் சோளச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறினாள். வலி இருக்கத்தான் செய்தது. ஆனால் சொன்னால் கேட்கிற வலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளனே போய், கோயில் படி அத்தனையும் நிற்காமல் ஏறி, உச்சியில் நின்று ஜென்சியைத் திரும்பிப் பார்த்தாள். ஜென்சி கீழே நின்று கைதட்டினாள். பூசைக்கு வந்த கூட்டம் என்ன ஏது என்று தெரியாமல் சேர்ந்து தட்டியது.

எல்லாம் சந்தோஷம்தான். அந்த ஓரமாகத் தள்ளி வைத்த முகம் மட்டும் தினமும் பக்கத்துக் கடையில் வந்து நின்றது.

"ஏ கித்தேரி, உனக்கு நடை மாறிப்போச்சே! எனக்கு அந்த மருந்து கேக்கவே இல்லையே. நீ மட்டும் என்ன செஞ்ச?" என்று புவனா வாய்விட்டே கேட்டாள்.

கித்தேரியம்மாள் மாங்காயைச் சீவினாள். மிளகாய்ப்பொடியைத் தூவினாள். இன்னும் கொஞ்சம் தூவினாள். "எல்லாம் மாதா புண்ணியம்" என்றாள்.

அன்று சாயங்காலம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றாள். கேட்டதற்குப் பதில் சொன்னோம், மாதாவுக்கு நன்றியும் சொன்னோம், இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தாள். தனக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர் என்றபோது, சாமியார் எப்படியும் "போய்ச் சொல்லிவிடு" என்றுதான் சொல்வார் என்று தெரிந்துவிட்டது. அடுப்பில் சோளம் கிடக்கிறது என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அடுப்பில் ஒன்றும் கிடக்கவில்லை. போட்டி முடிந்த மறு நிமிஷம் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தாள்.

போட்டி அன்று ஏரியைச் சுற்றி நிற்க இடமில்லை. மூடுபனி விலகி வெயில் பளிச்சென்று அடித்தது. எட்டுப் படகுகள். எதிர்க்கரையோரம் மிதக்கிற சிவப்புக் கொடியைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். கித்தேரியம்மாள் முதன்முதலாகப் படகில் காலை வைத்தாள். படகு ஆடியது, நெஞ்சு அதைவிட ஆடியது. தண்ணீர் இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு பச்சையாக இருக்கும் என்று கரையிலிருந்து பார்த்தவரை அவளுக்குத் தெரியாது.

"ஜென்சி, சேந்து மிதி. நான் எண்ணுறேன்."

விசில் ஊதினார்கள். ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு. முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் நடத்திய பாடத்தை இப்போது அவளே படித்தாள். இரண்டு படகு இடித்துக்கொண்டு நின்றன. ஒரு படகு நீர்ப்பாசியில் மாட்டிக்கொண்டது. கரையில் ஆக்னல் ராணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "விடாத! விடாத! அப்புடித்தான்!" என்று ராணிக்குச் சொல்கிற தோரணையிலேயே கத்திக்கொண்டு கரையோரம் கூடவே வந்தார். கொடியைச் சுற்றும்போது முன்னால் ஒரே ஒரு படகுதான், புவனா படகு. முட்டி முணுமுணுத்தது. தொடை கேட்கவில்லை, தள்ளியது. கொடியைத் தாண்டி நாலு மிதி. இவர்கள் படகின் மூக்கு முன்னால் வந்துவிட்டது!

"அக்கா, நாமதான் மொதல்ல! வெரசா மிதிங்க!" என்று ஜென்சி அலறினாள்.

கித்தேரியம்மாள் ஆசை அடங்காமல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம். புவனாவின் படகு நின்றிருந்தது. தங்கச்சி மட்டும் தனியாக மிதிக்க, படகு வட்டமடித்தது. புவனா இரண்டு கையாலும் முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பொம்பளை அழுது இவள் பார்த்ததில்லை.

அவ்வளவுதான். கித்தேரியம்மாளின் கால் பெடலில் நின்றுவிட்டது.

"ஏ புவனா! முட்டிக்கு மேல இல்லடி! முட்டியிலயே!"

"என்னாது?"

"மருந்த! முட்டியிலயே தடவணும்! தொடையில இல்ல! நாம தப்பாப் போட்டுட்டோம்!"

தண்ணீரில் குரல் எடுப்பாகப் போகும். போதாததற்கு மைக் பிடித்திருந்தவர், "சோளக்கடை அக்கா ஏதோ சொல்றாங்க. மருந்த முட்டியிலயே தடவணுமாம்! தொடையில இல்லையாம்!" என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பதினாறு நாளாச்சு."

"அடிப்பாவி! நான் கேட்டப்ப மாதா புண்ணியம்னியே!"

"அதான் இப்பச் சொல்லிட்டேன்ல!"

"கோப்பைக்காகத்தான வாய மூடிக்கிட்டு இருந்த?"

"ஆமாடி! அதுக்குத்தான்!" அதைச் சொன்னதும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. பாவசங்கீர்த்தனத்தை ஊர் பார்க்க ஏரி நடுவில் செய்தாயிற்று.

"அய்யோ அக்கா!" என்று ஜென்சி தலையில் அடித்துக்கொண்டாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு படகுக்கும் நடுவில், ஸ்வெட்டர் கடை ஜோதிமணியின் படகு அலுங்காமல் புகுந்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே முன்னால் போய்விட்டது. இவர்கள் பதறிப்போய் மிதித்த மிதியில் தண்ணீர் தெறித்தது. ஆனால் கோப்பை போயிற்று. இவர்கள் இரண்டாவது, புவனா மூன்றாவது.

வருத்தமில்லை என்று சொன்னால் பொய். கைக்கு எட்டியதை வாயால் கெடுத்துக்கொண்டோமே என்று இருந்தது. ஜென்சி முகத்தைப் பார்க்கவே கூசியது. அப்படியே விறுவிறுவென்று படித்துறை ஏறி மேலே வந்தவளுக்கு, உச்சிப் படியில்தான் உறைத்தது, யார் கையையும் பிடிக்கவில்லை. நின்று திரும்பி ஏரியைப் பார்த்தாள். இரண்டு படி இறங்கி, சந்தோஷமாக இன்னொரு தடவை ஏறிப் பார்த்தாள்.

கரையில் ஒரு விசித்திரம். ஏழெட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடலைக் கடைக்காரி, பூக்காரி, தேன் விற்கிறவள், எல்லோரும் அதே முகாமுக்குப் போனவர்கள். ஒருத்தி மெல்லத் தன் தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இதுதான் சமயமென்று ஆக்னல் ராணியின் முன்னங்காலைத் தூக்கிப் பிடித்து, "இதுதாம்மா முட்டி. நல்லாப் பாத்துக்கங்க" என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தார். ஜென்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புவனா தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி மேலே வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். கித்தேரியம்மாள் மாங்காய்க் கூடைக்கு அடியிலிருந்து மருந்தை எடுத்துக்கொண்டு அவள் எதிரே போய் உட்கார்ந்தாள். சேலைக்கு மேலாகவே, விரலை அவள் முட்டியின் நட்டநடுவில் வைத்தாள்.

"இங்க. சரியா? முன்னால, அப்புறம் ரெண்டு பக்கம். நாலு வேளை. ரெண்டு வாரம் ஆகும்."

புவனா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டியூபை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"பதினாறு நாளைக்கு முன்ன இப்புடித் தொட்டுக் காட்டியிருந்தேன்னா, அந்தக் கோப்பை இந்நேரம் என் கடையில இருக்கும்டி" என்றாள்.

"அதனாலதான் காட்டல" என்றாள் கித்தேரியம்மாள். "அடுத்த வருசம் முட்டியோட வா. பாத்துக்கிருவோம்."